ஆட்டுத் தொழுவத்தில் ஒரு நூலகம்

ஹம்மாதியின் செம்மறிகளை இணையத்தில் விற்பதற்கான நிரலை அவன் தங்கை ஜலீலா ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் எழுதி முடித்துவிட்டாள். மறுநாள் காலை அதற்கு அனுமதி வாங்கப் புறப்பட்டாள். முதல் வேலை முடிந்தபோது கோப்பையில் தேநீர்கூட ஆறியிருக்கவில்லை. இரண்டாவது வேலை நடந்துகொண்டிருக்கையில் குளிர்காலம் போய், பாதாம் மரங்கள் பூத்துக் காய்த்து, ஆடுகளுக்கு ரோமமும் கத்தரித்தாகிவிட்டது.

ஸீதி பூஸித் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஜலீலா கணினி ஆசிரியை. அண்ணனுக்கு ஆடுகள்தான் எல்லாம். ஒவ்வொரு வருடமும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னால் தரகர்கள் லாரியோடு வந்து இறங்குவார்கள். ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள். பிறகு ஹம்மாதியின் முகத்தைப் பார்ப்பார்கள். விலையை முடிவு செய்வது இரண்டாவது பார்வைதான். மழை பொய்த்த வருடங்களில் அவர்களுக்கு அந்த முகத்தை உற்றுப் பார்க்கும் சிரமம்கூட இருக்காது.

"இந்தத் தடவையும் இவனுங்க சொல்ற விலைக்குத் தள்ளிவிட்டா, தாய் ஆடுங்களையும் சேர்த்து ஏத்தி அனுப்ப வேண்டியதுதான்," என்றான் ஹம்மாதி. "அப்புறம் நான் ஸ்ஃபாக்ஸ் போயி எவன் வீட்டுக்காவது செங்கல் சுமக்கணும்."

"துனிஸ்ல இருக்கறவங்க நேரா உன்கிட்டயே வாங்கிட்டா?"

"அவங்க இங்க எங்க வரப்போறாங்க? ஆட்டை ஃபோன்லயா இழுத்துட்டுப் போவாங்க?"

"ஆட்டைப் பாக்கறதும் பணம் கட்டறதும் ஃபோன்ல. ஆடு மட்டும் லாரியில, அண்ணே."

இணையத்தில் பணம் வாங்க நிரலாளர்கள் எல்லாவற்றையும் தாங்களே எழுதுவதில்லை. யாராவது எழுதிப் பொதுவில் வைத்திருக்கும் நிரல் தொகுப்பு ஒன்றை எடுத்துத் தங்கள் பக்கத்தில் பொருத்திக்கொள்வார்கள். அதற்கு நூலகம் என்று பெயர். புத்தகங்கள் இருக்கும் இடத்துக்கும் இதற்கும் ஒரே பெயராக இருப்பதில் ஆபத்து உண்டு என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

ஜலீலா எடுத்தது மிக இலகுவான நூலகம். முகம் தெரியாத எவரோ எழுதி இலவசமாக விட்டிருந்த ஒரே ஒரு கோப்பு. அதற்குத் தெரிந்தது மூன்று காரியம்: பணம் கேட்கும், வந்துவிட்டதா என்று பார்க்கும், தவறினால் திருப்பிக் கொடுக்கும். நான்காவதாக ஏதாவது செய்யச் சொன்னால் தெரியாது என்று சொல்லிவிடும். அலுவலகங்களுக்கு அலைந்து பழகியவர்களுக்கு இந்த நேர்மை சற்று அதிர்ச்சியாகத்தான் இருக்கும்.

ஒத்திகைக்கென்று இருந்த பொய் அட்டை எண்ணைப் போட்டு ஹம்மாதி ஒரு கிடாவை வாங்கினான். திரையில் "நன்றி" என்று வந்தது. அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"என் ஆட்டை நானே வாங்கிட்டேன். சரி, பணம் எங்க?"

"இது ஒத்திகை. நிஜமா ஓடணும்னா ஒரு திறவுகோல் வேணும்."

"எந்தப் பூட்டுக்கு?"

"பூட்டு இல்லண்ணே. எழுத்தும் எண்ணுமா நீளமா ஒரு வரி. அதை இந்த இடத்துல ஒட்டினாப் போதும். துனிஸ்ல மன்றத்துல குடுப்பாங்க."

இணையவழிக் கட்டணத்துக்கான தேசிய உயர் மன்றம் தலைநகரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் இருந்தது. "ஒரே தொடுதல் போதும்" என்று வாசலுக்கு மேல் பெரிய எழுத்தில் பொறித்திருந்தார்கள். அதற்குக் கீழே ஒரு காவலாளி நின்று, "கண்ணாடியைத் தொடாதீங்க! தொடாதீங்கன்னு சொன்னேன்ல!" என்று வருகிறவர்களை அதட்டிக்கொண்டிருந்தான்.

சன்னலுக்குப் பின்னால் மதாம் லத்தீஃபா. முத்திரைகளை உயரவாரியாக அடுக்கி வைத்திருந்த நல்ல மனுஷி.

"விண்ணப்பக் கட்டணம் கட்டியாச்சா?"

ஜலீலா வங்கி அட்டையை நீட்டினாள். லத்தீஃபா அதை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"கார்டெல்லாம் இங்க எடுக்கறதில்லம்மா. ரொக்கம்தான். சில்லறையா இருந்தா உங்களுக்குப் புண்ணியம்."

"இது இணையவழிக் கட்டண மன்றம்தானே?"

"ஆமா, ஆமா. கார்டுல வாங்கறதுக்கு நாங்களும் விண்ணப்பம் போட்டிருக்கோம்."

"யார்கிட்ட?"

"எங்ககிட்டதான். பரிசீலனையில இருக்கு." குரலைத் தாழ்த்தினாள். "ஏதோ சான்று குறையுதாம்."

ரொக்கம் கட்டப்பட்டது. லத்தீஃபா விண்ணப்பத்தை மூக்குக்கு அருகே பிடித்துப் படித்தாள்.

"நூலகத்தின் தன்மை, எடை குறைந்ததுன்னு எழுதியிருக்கீங்க. இங்க ரெண்டே கட்டம்தான் இருக்கு. 'கனமானது', 'மிகக் கனமானது'."

"மொத்தமே பன்னிரண்டு கிலோபைட்தான், மதாம்."

"பன்னிரண்டு கிலோவா? என் பேரன் அதைவிட ஜாஸ்தி." சற்று யோசித்தாள். "பரவாயில்ல, 'கனமானது'லயே குறி போட்டுடறேன். மேல யாராவது கேட்டா ரெண்டு பேர் சேர்ந்து தூக்கினோம்னு சொல்லிடுங்க."

மேலே யாரும் எடையைக் கேட்கவில்லை. "இலவசம்" என்ற சொல்லைப் பார்த்துத்தான் திடுக்கிட்டார்கள். இலவசமாகக் கிடைத்த ஒன்றுக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் தலைவருக்கு மட்டுமே உண்டு என்று சொல்லி, அவள் போய்ச் சேர்ந்த நாளிலேயே அல்ல, இன்னும் சில பயணங்களுக்குப் பிறகு, தலைவர் ஸி முன்ஸிஃபின் அறைக்குள் விட்டார்கள். 'ஸி' என்பது அந்த ஊரில் 'ஐயா' மாதிரி.

அறை பெரிது. மேசை அதைவிடப் பெரிதாகத் தோன்றியது. கணினி இல்லை, ஆனால் ஏதோ ஒரு மாநாட்டில் பரிசாகக் கிடைத்த பொன்முலாம் பூசிய விசைப்பலகை கண்ணாடிப் பேழைக்குள் இருந்தது. மூலையில் ரம்ஸி என்ற தொழில்நுட்ப ஊழியர் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க டீச்சர். உங்க நூலகம் சின்னதுன்னு கேள்விப்பட்டேன். வருத்தப்படாதீங்க," என்றார் ஸி முன்ஸிஃப். "நாங்களும் தேசிய நூலகம் ஒண்ணு உருவாக்கிட்டு இருக்கோம். பேரு 'அல்-ஜபல்'. மலை! ஆறு குழு வேலை பாக்குது. ரெண்டு எழுதுது, நாலு கண்காணிக்குது. அதைத் திறக்கற அளவுக்குப் பலமான கணினி நாட்டுல இன்னும் இறங்கல, அவ்வளவு கனம். பாதுகாப்புன்னா அதுதான் பாதுகாப்பு. இன்னிக்கு வரைக்கும் அது வழியா ஒரு மில்லிம் காசுகூடத் திருட்டுப் போனதில்ல."

"இதுவரை எவ்வளவு பணம் அது வழியாப் போயிருக்கு, ஸி முன்ஸிஃப்?"

"ஒரு மில்லிம்கூடப் போனதில்ல! போனாத்தானே திருட முடியும்? இந்தத் தொலைநோக்கு உங்க நூலகத்துல இருக்கா?"

இல்லை என்று ஜலீலா ஒப்புக்கொண்டாள்.

"சரி. அது யார் பொறுப்புல இருக்கு?"

"பொதுவுல இருக்குங்க. யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்."

ஸி முன்ஸிஃபின் முகம் மலர்ந்தது. விதிக்குள் ஒரு பொருளை அடைக்க இடம் கண்டுபிடித்த அதிகாரியின் மகிழ்ச்சி அது. "பொது நூலகம்! அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே. அப்ப பொது நூலகத் துறை சான்று குடுக்கணும்."

மூலையிலிருந்து ரம்ஸி இருமினார். "ஸி முன்ஸிஃப், அது நிரல்..."

"ரம்ஸி, ஒரு கோப்புக்கு இப்பத்தான் வழி பிறந்திருக்கு. அதைக் கெடுக்காத."

பொது நூலகத் துறை ஆய்வாளர் ஸி துஹாமி வசந்தகாலத்தின் ஒரு வியாழக்கிழமை தொழுவத்துக்கு வந்து சேர்ந்தார். ஒல்லியான மனிதர், கழுத்துப்பட்டையில் தூசு, கையில் பை. ஹம்மாதி கை துடைத்துக்கொண்டு ஓடிவந்தான்.

"நூலகம் எங்கப்பா?"

ஹம்மாதி தங்கையின் ஃபோனைக் காட்டினான். ஆய்வாளர் அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

"கட்டடத்தைக் கேட்டேன்."

"கட்டடம்னா... இதுதான்." ஹம்மாதி தொழுவத்தைக் காட்டினான். உள்ளேயிருந்து எல்லா ஆடுகளும் ஒன்றாகத் தலைதிருப்பிப் பார்த்தன.

விதிப்படி ஒரு நாற்காலி, ஒரு தீயணைப்பான், "அமைதி காக்கவும்" என்ற பலகை மூன்றும் இருக்க வேண்டும் என்றார் ஸி துஹாமி. நாற்காலி வீட்டிலிருந்து வந்தது. தீயணைப்பானைப் பெட்ரோல் நிலையத்தில் இரவல் வாங்கினார்கள். பலகையை ஜலீலாவே எழுதி வேலியில் மாட்டினாள். மாட்டிய கையோடு ஒரு குட்டி வந்து அதன் மூலையை மெல்லத் தொடங்கியது. ஆய்வாளர் சற்று நேரம் அதைக் கவனித்துவிட்டு எழுதிக்கொண்டார்: "வாசகர்கள் நூலகத்தை ஆர்வத்துடன் உட்கொள்கிறார்கள்." தினசரி வருகை என்ற இடத்தில் தலைகளை எண்ணிப் போட்டார்.

"மாவட்டத்துலயே இதுதான் அதிகம்," என்றார் பெருமையாக. "மத்த இடத்துலெல்லாம் புத்தகம் இருக்கு, ஆள் இல்ல."

மதியம் கூஸ்கூஸ் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது ஜலீலாவைத் தனியே கூப்பிட்டார். "வல்லாஹி, சத்தியமாச் சொல்றேன் மகளே, இது நூலகம் இல்லன்னு எனக்குத் தெரியாம இல்ல. ஆனா 'இல்ல'ன்னு எழுதினா, ஏன் இல்ல, எப்பலேர்ந்து இல்ல, இல்லாம போனதுக்கு யார் பொறுப்புன்னு என்னையே விசாரிப்பாங்க. 'இருக்கு'ன்னு எழுதிட்டா ஒருத்தனும் கேக்கமாட்டான்."

சான்று தலைநகருக்குப் போனது. அங்கிருந்து பதில் இல்லை. பெருநாள் நெருங்கியது. தரகர் வந்து, போன வருடத்தைவிட விலையைக் குறைத்துச் சொன்னார். வைக்கோல் தீர்ந்துவிட்டது என்பது அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

அன்று மாலை ஹம்மாதி சிவப்புச் சாயத்தை எடுத்துவந்து தாய் ஆடுகளின் முதுகில் ஒவ்வொன்றாகக் குறியிட்டான். லாரியில் ஏறப் போகிறவற்றுக்கு இடும் குறி. பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இட்டான். அவையும் கூப்பிட்டதும் வந்தன.

"அண்ணே, கொஞ்சம் பொறு. இணையத்துல போட்ட படத்தைப் பாத்துட்டு எத்தனை பேர் காத்திருக்காங்க தெரியுமா? திறந்ததும் சொல்லுங்கன்னு துனிஸ்ல, ஸூஸால, பிரான்ஸ்லகூட..."

"காத்திருக்கறவங்க வைக்கோல் அனுப்புவாங்களா?" அவன் திரும்பிப் பார்க்கவில்லை. "நீ படிச்சவ. அங்க போறே, இங்க வரே, சான்று வாங்கறே. தொழுவத்துல தீயணைப்பான் வெச்சே. நான் ஏதாவது சொன்னேனா? ஆனா இதுங்களுக்குப் பசிக்குது, ஜலீலா."

ஜலீலா எழுதிய நிரலில் எந்தப் பிழையும் இல்லை. பிழை இருந்திருந்தால் திருத்தியாவது இருக்கலாம்.

"பெருநாளுக்கு முந்தின வாரம் வரைக்கும் மட்டும்," என்றாள். அவன் சாய டப்பாவை மூடினான். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

அந்த வாரத்தில்தான் மன்றத்திலிருந்து தொலைபேசி வந்தது. ஆட்டுத் தொழுவத்தில் நாட்டின் முதல் பொது நூலகம் என்ற செய்தி ஸி முன்ஸிஃபின் மனத்தைத் தொட்டுவிட்டதாம். திறவுகோல் வழங்கும் விழாவைத் தொழுவத்திலேயே நடத்த முடிவு செய்திருக்கிறார்; மன்றத்து ஊழியர்கள் அனைவரும் பேருந்தில் வருகிறார்கள்; தேநீருக்கு ஏற்பாடு செய்யவும்.

வந்தார்கள். கூடாரம் போட்டார்கள். கொடி கட்டினார்கள். உள்ளூர் வானொலியிலிருந்து ஓர் ஆள் ஒலிவாங்கியோடு வந்தார். ஸி முன்ஸிஃப் நீண்ட நேரம் பேசினார்.

"சில பேர் கேக்கறாங்க, மன்றம் ஏன் தாமதம் பண்ணுதுன்னு. நான் சொல்றேன்: வேகமாக் குடுக்கற அனுமதிக்கு யாராவது மரியாதை குடுப்பாங்களா? நாங்க தாமதம் பண்றதில்ல, மதிப்பைக் கூட்டறோம்! இன்னிக்கு முதல் இந்த மண்ணுல கைக்காசு ஒழிஞ்சது! இனி ஒரே தொடுதல்!"

கைதட்டல் எழுந்தது. மதாம் லத்தீஃபா பச்சை வெல்வெட் மெத்தை ஒன்றை ஏந்தி வந்தாள். அதன் மேல் முழங்கை நீளத்துக்குப் பளபளவென்று ஒரு பித்தளைச் சாவி. ஸி முன்ஸிஃப் அதை எடுத்து ஜலீலாவின் கையில் வைத்தார். கனமாக இருந்தது.

"ஸி முன்ஸிஃப்," என்று மெதுவாகக் கேட்டாள் ஜலீலா, "இது இல்ல... எழுத்தும் எண்ணுமா ஒரு வரி..."

"அது தொழில்நுட்ப விவரம் டீச்சர். பெருநாள் முடிஞ்சதும் குழு கூடும். சிரிங்க, படம் எடுக்கறாங்க."

ஜலீலா சிரித்தாள். அந்தப் படத்தில் அவள் கண்ணைப் பார்த்தால் சிரிப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஹம்மாதி தேநீர்த் தட்டை எடுத்துச் சென்றான். அப்போதுதான் ஸி முன்ஸிஃபின் கண், வேலியோரம் நின்ற கிடா ஒன்றின் மேல் விழுந்தது. வெள்ளை உடல், கருத்த முகம், மெத்தை போன்ற வால்.

"மாஷா அல்லாஹ்! ஹம்மாதி, இதை எனக்கு ஒதுக்கிடு. வீட்டுல பாத்தா மயங்கிடுவா." கோட்டுப் பைக்குள்ளிருந்து ஓர் உறையை எடுத்தார். அதில் நோட்டுகள் இருப்பது தெரிந்தது.

ஹம்மாதி உறையைப் பார்த்தான். தங்கையைப் பார்த்தான். தட்டை நிதானமாகக் கீழே வைத்தான்.

"மன்னிக்கணும் ஸி முன்ஸிஃப். இங்க ரொக்கம் எடுக்கறதில்ல."

"என்னது?"

"இப்பத்தானே மைக்குல சொன்னீங்க, இந்த மண்ணுல கைக்காசு ஒழிஞ்சதுன்னு. நான் சாதாரண ஆள். சட்டத்தை மீறமாட்டேன்."

வானொலிக்காரர் ஒலிவாங்கியைச் சற்று அருகே கொண்டுவந்தார். ஸி முன்ஸிஃப் புன்னகைத்தபடியே ஃபோனை எடுத்து, கிடாவின் படத்தைத் தேடிப்பிடித்து, "வாங்கு" என்பதைத் தொட்டார். திரையில் வந்ததை உரக்கவே படித்துவிட்டார்:

"இந்த வணிகருக்கு அனுமதி இல்லை. உயர் மன்றத்தை அணுகவும்." சுற்றிலும் பார்த்தார். "யாரை அணுகணுமாம்?"

"நம்மளத்தான், ஸி முன்ஸிஃப்," என்றாள் லத்தீஃபா.

"அப்ப ஆபீசுக்குப் போன் போடு!"

"போட்டா எடுக்க ஆள் இல்லீங்களே. எல்லாரும் இங்கதான தேநீர் குடிச்சுட்டு இருக்கோம்."

கூட்டத்தின் பின்வரிசையில் ரம்ஸி கை தூக்கினார். "இங்கேருந்தே குடுத்துடலாம். மடிக்கணினியில ஒரு பொத்தான்."

"ஒரு பொத்தானா? எப்பலேர்ந்து?"

"ஆரம்பத்துலேர்ந்தே அப்படித்தாங்க. முன்னாடியே சொல்லியிருந்தா அந்தப் பொத்தானுக்குன்னு அஞ்சாவதா ஒரு கண்காணிப்புக் குழு போட்டிருப்பீங்க."

"அமுக்குய்யா!"

ரம்ஸி அமுக்கினார். ஜலீலாவின் ஃபோனுக்கு நீளமான ஒரு வரி வந்து சேர்ந்தது. பித்தளைச் சாவியை நாற்காலியில் போட்டுவிட்டு, வரியை அதற்குரிய இடத்தில் ஒட்டினாள். காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் "திறந்துவிட்டது" என்று ஒரே செய்தி பறந்தது.

ஸி முன்ஸிஃப் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். கண்ணாடி கிடைத்ததும் அட்டையைத் தேடினார். அட்டை எண்ணைப் போட்டு முடித்ததும் வங்கி ரகசிய எண் கேட்டது. அது மனைவியின் ஃபோனுக்குப் போயிருந்தது. மனைவி மருதாணி போட்டுக்கொண்டிருந்ததால் யாரோ படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் அவர் தொட்டபோது கருமுகக் கிடாவின் படத்துக்கு மேல் "விற்றுவிட்டது" என்று எழுதியிருந்தது. லியோனில் இருக்கும் யாரோ ஒருவர் கைரவானில் இருக்கும் தன் தாய்க்காக வாங்கியிருந்தார்.

"இதை மாத்து, டீச்சர்."

"வாங்கினவர் சொன்னாத்தான் மாத்த முடியும்."

"நான் மன்றத் தலைவர்!"

"அது நூலகத்துக்குத் தெரியாதுங்களே."

"தெரியற மாதிரி எழுது!"

"எழுதலாம் ஸி முன்ஸிஃப். ஆனா கனமாயிடும்."

அதற்குள் ஃபோன் இடைவிடாமல் அதிரத் தொடங்கியிருந்தது. ஸூஸாவில் ஒரு பல் மருத்துவர். துனிஸில் ஒரு தபால்காரர். மார்ஸேயில் இரண்டு சகோதரர்கள், ஆளுக்கு ஒன்று. ஒவ்வொரு பெயரையும் ஜலீலா உரக்கப் படித்தாள். ஹம்மாதி முதலில் நம்பவில்லை. பிறகு ஒரு கந்தலை மண்ணெண்ணெயில் நனைத்துக்கொண்டு தாய் ஆடுகளிடம் போனான். சிவப்புக் குறி லேசில் போகவில்லை. அவனுக்கு அவசரமும் இல்லை.

வெயில் சாயும்போது கிடாக்களில் விற்காமல் நின்றது ஒற்றைக்கொம்பன் கிடா மட்டும். வெறுங்கையோடு வீட்டுக்குப் போக முடியாத ஸி முன்ஸிஃப் திரையில் அதன் படத்தைத் தொட்டார். "விவரங்களைப் படித்தேன், ஏற்கிறேன்" என்ற கட்டத்தில் படிக்காமல் குறியிட்டார். நாட்டுக்கே விதி எழுதுகிறவருக்கு மற்றவர் எழுதியதைப் படிக்க நேரம் ஏது? "நன்றி" என்று வந்ததும் குழந்தைபோல மகிழ்ந்து, மன்றத்தின் மாபெரும் வெற்றி இது என்று வானொலிக்குச் சொன்னார். லாரி வரும்வரை காத்திருக்கவும் அவருக்கு மனமில்லை. கிடாவைப் பேருந்திலேயே ஏற்றச் சொல்லி, தன் பக்கத்து இருக்கையில் நிறுத்திக்கொண்டார்.

பேருந்து புழுதி கிளப்பிக்கொண்டு போனது.

"அண்ணே, அந்தக் கிடாவை ஏன் யாருமே எடுக்கல?"

"நீதானே விவரத்துல எழுதச் சொன்னே, மறைக்கக் கூடாதுன்னு? எழுதியிருந்தேன்." ஹம்மாதி கந்தலைப் பிழிந்தான். "முட்டும். நகர்ற வண்டியில இருந்தா ரொம்ப முட்டும்."

தார்ச்சாலையில் ஏறியதும் பேருந்து நின்றது. கதவு திறந்தது. லத்தீஃபா முதலில் குதித்தாள்; அவள் பின்னால் கண்காணிப்புக் குழுக்கள் நான்கும், எழுதும் குழுக்கள் இரண்டும், மடிக்கணினியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி ரம்ஸியும், ஓட்டுநரும். கடைசியாக, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஸி முன்ஸிஃப் இறங்கினார்.

கிடா இறங்கவில்லை.